இயங்குதளம் இல்லாமலேயே திரை ஒளிர்கிறதே, பிறகு அது எதற்கு?

செந்தூல்வாசி

அனைவருக்கும் வணக்கம். லோ யாட் பிளாசாவில் பாகங்களைத் தனித்தனியே விலை கேட்டு வாங்கி, வீட்டில் நானே ஒரு மேசைக் கணினியைப் பூட்டியிருக்கிறேன். விண்டோஸ் வேண்டுமென்றால் இன்னும் சில நூறு ரிங்கிட் ஆகும் என்று கடையில் சொன்னதால், அதை அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆகவே இப்போதைக்கு இந்தக் கணினியில் இயங்குதளம் என்று எதுவும் இல்லை.

ஆனால் கணினி செத்தும் கிடக்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டின் அமைப்புத் திரை நல்ல வண்ணத்தில் வருகிறது. பிராசசரின் வெப்பநிலை, விசிறிகளின் வேகம், ரேமின் அளவு, இன்றைய நாள், நேரம் எல்லாம் அதில் தெரிகின்றன. சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி நகர்கிறது. விசைப்பலகையில் தட்டினால் எழுத்து விழுகிறது. யூஎஸ்பி விரலியைச் செருகினால் அதற்குள் இருக்கும் கோப்புகளின் பெயர்களைக்கூடக் காட்டுகிறது. அந்தத் திரையை விட்டு வெளியேறினால்தான், துவக்குவதற்கான சாதனம் எதுவும் கிடைக்கவில்லை என்னும் ஒரே வரியோடு நின்றுவிடுகிறது.

பயனருக்கும் வன்பொருளுக்கும் இடையே பாலமாக விளங்குவதே இயங்குதளம் என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பாலம் இல்லாமலேயே நான் அக்கரையில் நின்று சுட்டியை ஆட்டிக்கொண்டிருக்கிறேனே! அப்படியானால் இயங்குதளம் உண்மையில் செய்யும் வேலை என்ன? எனக்கு வேண்டியது ஓர் உலாவியும், எப்போதாவது ஆட ஒரு விளையாட்டும்தான். உலாவியை அப்படியே சேமிப்பகமான எஸ்எஸ்டியில் வைத்து, மின்சாரம் வந்ததும் அதுவே நேராக ஓடும்படி செய்தால் என்ன? விண்டோஸ் நல்லதா லினக்ஸ் நல்லதா என்ற விவாதம் எனக்கு வேண்டாம். இந்த இரண்டுமே ஏன் வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

பாயான் லெப்பாஸ்

தம்பி, நீங்கள் கண்டது சரிதான்; பிராசசருக்கு இயங்குதளம் தேவையில்லை. நான் பினாங்கில் ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளோடு சேர்த்தே பதிக்கப்பட்டு வரும் அடிப்படை நிரல், சோதிக்கும் வேலையில் இருப்பவன். 1972இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் தொடங்கிய இந்தப் பகுதியில் இன்றும் சில்லுகளைப் பொதிந்து சோதிப்பதுதான் பெருந்தொழில். அந்தச் சோதனையின் முதற்கட்டத்தில் இயங்குதளம் என்ற பேச்சே கிடையாது. சோதனை இயந்திரம் சில்லின் கால்களில் மின்சாரத்தையும் கட்டளைகளையும் நேரடியாகச் செலுத்தி, வெளிவரும் விடை சரியா என்று பார்க்கும், அவ்வளவுதான்.

உங்கள் மேசைக் கணினியிலும் அப்படித்தான் நடக்கிறது. இன்டெல், ஏஎம்டி வகைப் பிராசசர்கள் மின்சாரம் வந்ததும், முகவரி வரிசையில் 4 ஜிபி எல்லைக்கு 16 பைட்டுகள் கீழே உள்ள ஓர் இடத்திலிருந்து முதல் கட்டளையை எடுக்கும்படி அமைக்கப்பட்டவை. அந்த முகவரியில் இருப்பது மதர்போர்டோடு வந்த ஒரு சிறிய ஃபிளாஷ் சில்லு. அதற்குள் இருக்கும் யூஇஎஃப்ஐ என்னும் நிரலைத்தான் நீங்கள் வண்ணத் திரையாகப் பார்க்கிறீர்கள். அதுவும் யாரோ எழுதிய மென்பொருள்தான் என்பதையும், அந்த ஒரு மதர்போர்டில் எந்தெந்தச் சில்லு எங்கெங்கே பற்றவைக்கப்பட்டிருக்கிறது என்பதை முன்கூட்டியே தெரிந்தவர்கள் எழுதியது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

சரி, உலாவியை அதன்மேல் நேராக ஓட்ட முடியுமா? கதவு திறந்துதான் இருக்கிறது. விரலி ஒன்றை ஃபேட் என்னும் கோப்பு முறையில் வடிவமைத்து, அதில் இஎஃப்ஐ என்ற கோப்புறையையும் அதற்குள் பூட் என்ற கோப்புறையையும் உருவாக்கி, யூஇஎஃப்ஐ எதிர்பார்க்கும் பெயரில் உங்கள் நிரலை வைத்தால், கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் சிக்யூர் பூட் அணைந்திருக்கும் பட்சத்தில் அது ஓடும். இது இயங்குதளமா, வேறு ஏதேனுமா என்று ஃபர்ம்வேர் கேட்பதில்லை. பொழுதுபோக்காக டெட்ரிஸ் போன்ற விளையாட்டுகளை இப்படி ஓட்டிப் பார்த்தவர்களும் உண்டு.

உலாவி என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. யூஇஎஃப்ஐ தரும் வசதிகள், இயங்குதளத்தை ஏற்றும் அந்தச் சில நொடிகளுக்குப் போதுமானவை. அதற்கு மேல் தாங்கா. உங்கள் பிராசசரில் எட்டுக் கருக்கள் (கோர்கள்) இருந்தாலும் அந்தத் திரை ஒரே ஒரு கருவில்தான் ஓடுகிறது. வழக்கமான இயங்குதளத்தில் விசைப்பலகை, வலைச் சில்லு, எஸ்எஸ்டி ஆகிய ஒவ்வொன்றும் தனக்கு வேலை வந்ததும் இன்டரப்ட் என்னும் குறிப்பை அனுப்பிப் பிராசசரை அழைக்கும். யூஇஎஃப்ஐயிலோ கடிகாரத்தின் இன்டரப்ட்டைத் தவிர வேறில்லை. ஆகவே ஒவ்வொரு சாதனத்தையும் நிரல்தான் திரும்பத் திரும்பப் போய், ஏதாவது வந்ததா என்று விசாரிக்க வேண்டும். படம் வரைவதற்குத் திரையின் புள்ளிகளை நிரப்பும் வசதி உண்டே தவிர, நீங்கள் அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிராஃபிக்ஸ் அட்டையின் கணக்கிடும் திறனில் ஒரு துளியும் அங்கே பயன்படாது.

இனி ஒரே ஒரு வலைப்பக்கத்தைத் திறக்க அந்த உலாவி எதையெதையெல்லாம் தன்னோடு சுமந்து வர வேண்டும் என்று பாருங்கள். உங்கள் வைஃபை சில்லு இன்டெலா, ரியல்டெக்கா, மீடியாடெக்கா என்று தெரிந்து, அதனோடு அதன் மொழியில் பேச வேண்டும். வைஃபை கடவுச்சொல்லுக்கான மறையீட்டையும், தரவைப் பொட்டலங்களாகப் பிரித்து, தொலைந்ததை மீண்டும் கேட்டு வாங்கும் டிசிபி/ஐபி நெறியையும் தானே செய்ய வேண்டும். இறக்கிய படத்தை எஸ்எஸ்டியில் எந்தக் கட்டத்தில் எழுதினோம் என்ற கணக்கை வைத்துக்கொள்ள வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றாலும் அந்தக் கணக்கு குழம்பக் கூடாது. ஒலிக்கும் கிராஃபிக்ஸுக்கும் தனித்தனி டிரைவர், அதாவது அந்தச் சாதனத்தோடு பேசும் நிரல், வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலில் பெரும்பகுதி டிரைவர்களே என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த வேலையின் அளவு புரியும். உலாவி எழுதுகிறவர் இத்தனையையும் எழுதி முடித்த பிறகு, விளையாட்டு எழுதுகிறவரும் இதே வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த ஆண்டு புதிய வைஃபை சில்லு சந்தைக்கு வந்தால், இருவரும் மறுபடியும் உட்கார வேண்டியதுதான்.

ஒருவரை ஒருவர் அறியாத பலர் எழுதிய நிரல்கள், அவர்கள் யாருமே பார்த்திராத ஒரு கணினியில், ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அந்தக் கேட்பு இருக்கும்வரை இயங்குதளமும் இருந்தே ஆகும்.

அச்சுக்கூடம்

பாயான் லெப்பாஸ் தம்பி சொன்ன அந்த நிலைமையை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்தது. அதனால் இதை எழுதுகிறேன். 1981இல் ஐபிஎம் கணினியோடு வந்த டாஸ் ஓர் இயங்குதளம்தான் என்றாலும், வட்டில் கோப்புகளை ஒழுங்காக வைப்பதைத் தாண்டி அது பெரிதாக எதையும் பொறுப்பேற்றுக்கொள்ளவில்லை. ஒலி, படம், அச்சு ஆகியவற்றை அந்தந்த நிரல்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

அதன் விளைவு என்ன தெரியுமா? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு விளையாட்டை நிறுவினால், உங்கள் ஒலி அட்டை அட்லிப்பா, சவுண்ட் பிளாஸ்டரா, அதன் முகவரி 220ஆ 240ஆ, இன்டரப்ட் எண் 5ஆ 7ஆ என்று அது வரிசையாகக் கேட்கும். தவறான எண்ணைக் கொடுத்தால் ஒலி வராது. சில நேரம் கணினியே உறைந்துவிடும். இந்தக் கேள்விகளை ஒவ்வொரு விளையாட்டும் தனித்தனியாகக் கேட்டது, ஏனென்றால் ஒவ்வொன்றும் தன் ஒலி டிரைவரைத் தானே கொண்டுவந்தது. அச்சுப்பொறியின் கதையும் இதே. வேர்ட்பர்ஃபெக்ட் மென்பொருள் தனக்கென்று அச்சுப்பொறி டிரைவர்களைத் தொகுத்து வைத்திருந்தது. அதே கணினியில் இருந்த வேறொரு மென்பொருளுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. புதிய அச்சுப்பொறி வாங்கும்போது, அது எந்தெந்த மென்பொருளுக்குத் தெரிந்த அச்சுப்பொறி என்று பார்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

ஆனால் எனக்கு இது உறைத்த இடம் தமிழ். கோலாலம்பூரில் திருமண அழைப்பிதழ்களும் கோயில் விழா மலர்களும் அச்சிடும் தொழில் என்னுடையது. முத்து நெடுமாறன் இங்கே மலேசியாவில் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியபோது, தமிழ் என்றால் என்னவென்றே இயங்குதளங்களுக்குத் தெரியாது. தமிழ் மென்பொருள் செய்கிறவர் எழுத்துருவையும் தாமே வரைந்து, விசைப்பலகை அமைப்பையும் தாமே எழுதி, எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதையும் தாமே முடிவு செய்தாக வேண்டிய காலம் அது. அடுத்தடுத்து வந்த ஒவ்வொருவரும் அப்படியே செய்தார்கள். திஸ்கி என்றும் தாப், தாம் என்றும் குறியேற்றங்கள் பெருகின. இவற்றில் தமிழ் வடிவங்கள், ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய எண்களின் மேல் உட்கார்ந்திருந்தன. கிள்ளானிலிருந்து ஒருவர் அழைப்பிதழின் வாசகத்தைத் தட்டச்சு செய்து வட்டில் கொண்டுவந்து கொடுப்பார். அவர் பயன்படுத்திய எழுத்துரு எங்களிடம் இல்லையென்றால், மணமகளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். வேறு வழியில்லாமல் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்வோம். கல்யாண வீட்டார் கடை வாசலில் காத்திருப்பார்கள்.

யூனிகோடின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், எண் மட்டும் இருந்தால் போதாது. ‘கொ’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் அது ககரத்திற்கு ஓர் எண், ஒகரக் குறிக்கு ஓர் எண் என்று இரண்டே எண்களாக இருக்கிறது. திரையிலோ முதலில் ஒற்றைக் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால் என்று மூன்று வடிவங்களாக விரிய வேண்டும். அதாவது இரண்டாவதாகச் சேமித்த குறியின் ஒரு பாதி முதலாவதாக வந்து நிற்க வேண்டும். இந்த ஒழுங்குபடுத்தலை விண்டோஸ் 2000 தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, லதா என்னும் எழுத்துருவையும் கூடவே கொடுத்தது. தமிழைப் பற்றி ஒன்றுமே அறியாதவர்கள் எழுதிய குறிப்பேட்டு (நோட்பேட்) மென்பொருளிலும் அன்றுமுதல் தமிழ் தெரிந்தது. ஆப்பிள் கணினிகளில் வரும் இணைமதியும் முத்து நெடுமாறன் வடிவமைத்த எழுத்துருவே. ஒரு மொழி இயங்குதளத்துக்குள் போய்விட்டால், பிறகு ஒவ்வொரு மென்பொருள்காரரிடமும் போய்த் தமிழையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. (எல்லா மென்பொருளும் உடனே திருந்திவிட்டன என்று சொல்லமாட்டேன். பக்க வடிவமைப்புக்கு நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் தன் எழுத்துகளைத் தானே அடுக்கும் பழக்கமுடையது என்பதால், அதில் மட்டும் பல ஆண்டுகள் பழைய குறியேற்றத்திலேயே காலம் தள்ளினோம்.)

செந்தூல்வாசி

அண்ணனுக்கும் ஐயாவுக்கும் நன்றி. ஒலி அட்டை எண்களைப் பற்றிய செய்தி எனக்கு முற்றிலும் புதியது. ஆயினும் நீங்கள் இருவரும் சொன்னதிலிருந்து எனக்கு வேறொரு முடிவு தோன்றுகிறது. எல்லாருக்கும் பொதுவான வேலைகளை ஒருமுறை நன்றாக எழுதி, ஒரு நிரல்தொகுப்பாக வைத்துவிடலாம். யாருக்கு எது வேண்டுமோ அவர் அதை எடுத்துத் தம் நிரலோடு சேர்த்துக்கொள்ளட்டும். அப்போது உழைப்பு மிச்சமாகும்; எவருக்கும் எவர்மீதும் அதிகாரமும் இருக்காது. இயங்குதளமோ எப்போதும் மேலே உட்கார்ந்துகொண்டு, இதைத் தொடாதே, அனுமதி கேள், இந்தக் கோப்பு உனக்கு இல்லை என்று ஆள்கிறது. அந்த ஆளுகை எதற்கு? இன்னொன்றும் கேட்க வேண்டும். அதுவும் நிரல்தான், உலாவியும் நிரல்தான். இரண்டும் ஓடுவது ஒரே பிராசசரில்தான். அப்படியிருக்க, ஒரு நிரல் அதன் சொல்லைக் கேட்கமாட்டேன் என்று அடம்பிடித்தால் அதைத் தடுக்க இயங்குதளத்திடம் என்ன இருக்கிறது?

பாயான் லெப்பாஸ்

வரலாறும் நீங்கள் சொல்லும் இடத்தில்தான் தொடங்கியது தம்பி. கேம்பிரிட்ஜில் 1949இல் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு இயங்குதளம் கிடையாது. பொதுவான கணக்குகளுக்கான துணைநிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டு வைத்திருப்பார்கள், வேண்டியவர் எடுத்துச் சேர்த்துக்கொள்வார். ஐம்பதுகளில் கணினியின் விலையும் வாடகையும் கூடியபோது, ஒருவர் வேலையை முடித்து அடுத்தவர் தம் நிரலைத் துளையிட்ட அட்டைக்கட்டை வைக்கும்வரை அவ்வளவு பெரிய இயந்திரம் சும்மா நிற்பது வீண் செலவாகத் தெரிந்தது. 1956இல் ஜெனரல் மோட்டார்சும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் சேர்ந்து ஐபிஎம் 704க்கு ஒரு கண்காணிப்பு நிரலை உருவாக்கின. ஒரு வேலை முடிந்ததும் ஆளை எதிர்பார்க்காமல் அடுத்த வேலையை ஏற்றுவதுதான் அதன் பணி. இயங்குதளங்களின் தொடக்கமாக இதைத்தான் பலரும் குறிப்பிடுவார்கள்.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வியும் உடனே அங்கே முளைத்தது. கண்காணிப்பு நிரல் நினைவகத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். யாரோ ஒருவருடைய நிரல் தவறான முகவரியில் எழுதி அதையே அழித்துவிடும். பின்னால் வரிசையில் நிற்கும் அத்தனை வேலைகளும் நின்றுபோகும். கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை, ஒரு கூட்டல் பிழை போதும். இதை மென்பொருளால் மட்டும் தடுக்க முடியாது. அதனால்தான் வன்பொருளை மாற்றினார்கள். எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு 1961இல் செய்துகாட்டிய சிடிஎஸ்எஸ் என்னும், பலர் ஒரே கணினியை முறைவைத்துப் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறைக்காக ஐபிஎம்மின் கணினியில் தனியாகச் சில பாகங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. அது பின்னர் நிலைகொண்ட ஐபிஎம் 7094இல் 32,768 சொற்கள் (சொல் என்பது இங்கே நினைவகத்தின் ஓர் அலகு) கொள்ளும் நினைவக அடுக்குகள் இரண்டு இருந்தன. ஒன்று முழுக்க மேற்பார்வை நிரலுக்கு; மற்றது பயனர்களுக்கு. பயனரின் நிரல் தன் எல்லையைத் தாண்டிக் கை நீட்டினால் வன்பொருளே பிடித்து மேற்பார்வை நிரலிடம் ஒப்படைத்துவிடும்.

ஆக, இரண்டும் ஒரே பிராசசரில் ஓடினாலும் பிராசசர் இரண்டையும் ஒன்றாக நடத்துவதில்லை. நம் கணினிகளின் மூதாதையான 1978ஆம் ஆண்டு 8086க்கு இந்த வேறுபாடு தெரியாது. எந்த நிரலும் எந்த முகவரியிலும் எழுதலாம். டாஸ் காலத்தில் நிரல்கள் அதை மதிக்காமல் திரையின் நினைவகத்தில் நேரே எழுதியது இதனால்தான். 1982இல் வந்த 80286 பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது. 1985இன் 80386 அதோடு நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகப் பிரித்து, எந்த நிரலுக்கு எந்தப் பக்கம் என்று அட்டவணை வைக்கும் வசதியையும் சேர்த்தது. கெர்னல் ஓடும் நிலையில் எல்லாக் கட்டளைகளும் செல்லும். உலாவி ஓடும் நிலையில், சாதனங்களைத் தொடும் கட்டளைகளையும் அந்த அட்டவணையை மாற்றும் கட்டளைகளையும் பிராசசர் நிறைவேற்றவே மறுக்கும். உலாவிக்குக் கோப்பு வேண்டுமென்றால், அதற்கென்று உள்ள ஒரே வாசல் வழியாகக் கெர்னலைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அடம்பிடிக்கும் நிரலுக்கு வேறு முகவரி கண்ணுக்கே தெரியாது; கற்பனையாக ஒரு முகவரியைக் கொடுத்துப் பார்த்தால், அந்த நொடியே கட்டுப்பாடு கெர்னலுக்குப் போய், பெரும்பாலும் அந்த நிரல் முடித்துவைக்கப்படும்.

இன்னும் ஒரு வகை அடம் உண்டு: எதையும் தொடாமல், எதையும் கேட்காமல், முடிவில்லாச் சுழற்சியில் சுற்றிக்கொண்டே இருப்பது. 1992இன் விண்டோஸ் 3.1 இதற்குத் தோற்றது. அங்கே ஒரு நிரல் தானாக வழிவிட்டால்தான் அடுத்ததற்கு முறை வரும் என்பதால், ஒன்று சுற்றினால் எல்லாம் நின்றன. விண்டோஸ் 95இல் 32 பிட் நிரல்களுக்கு இந்த நிலை மாறியது. இப்போது கெர்னல் ஒரு நிரலை ஓடவிடுவதற்கு முன்பே கடிகாரத்தை முடுக்கிவைத்துவிடும். விண்டோசில் வழக்கமாக நொடிக்கு 64 முறை, அதாவது ஏறத்தாழ 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறை அந்தக் கடிகாரத்தின் இன்டரப்ட் வரும். நிரல் என்ன செய்துகொண்டிருந்தாலும் பிராசசர் அதை அப்படியே நிறுத்திவிட்டுக் கெர்னலுக்குத் தாவும். 4 கிகாஹெர்ட்சில் ஓடும் கருவுக்கு அந்த இடைவெளியில் ஆறு கோடிக்கும் மேற்பட்ட துடிப்புகள் கிடைத்துவிடுவதால், முறை வைத்து ஓடுவது நிரலுக்கும் குறையில்லை, பார்க்கிற நமக்கும் தெரிவதில்லை. நீங்கள் சொல்லும் நிரல்தொகுப்பு உழைப்பை மிச்சப்படுத்தும். இந்தக் கடிகாரத்தையும் அட்டவணையையும் யார் கையில் கொடுப்பது என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

தண்ணீர்மலை

பினாங்கில் மின்னணுவியல் கற்பிக்கிறேன். அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் சற்று மாற்ற விரும்புகிறேன். முன்பின் அறியாதவர்களின் நிரல்கள் ஒரே கணினியைப் பகிர்வதால்தான் இயங்குதளம் தேவைப்படுகிறது என்றால், எல்லா நிரலையும் ஒரே குழு எழுதிய கருவிக்கு அது வேண்டாம் என்று ஆகிவிடும். அது முழு உண்மை இல்லை.

என் மாணவர்கள் முதலில் கையில் எடுப்பது ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு மின்னணுப் பலகை. 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், 2 கேபி நினைவகம், நிரலுக்கு 32 கேபி இடம், இயங்குதளம் இல்லை. விளக்கை எரிப்பார்கள், மண்ணின் ஈரத்தை அளப்பார்கள், மோட்டாரைத் திருப்புவார்கள்; எல்லாம் ஒரே சுழற்சியில் ஒன்றன்பின் ஒன்றாக அழகாக நடக்கும். பிறகு அளந்த எண்ணை வைஃபையில் அனுப்ப வேண்டும் என்று வைஃபை உள்ள இஎஸ்பி32 பலகைக்கு மாறுவார்கள். நிரல் பார்வைக்குப் பழையபடியே இருக்கும், ஆனால் அடியில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்னும் சிறிய இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும். அவர்கள் எழுதிய சுழற்சியே அதற்குள் ஒரு பணியாகத்தான் ஓடுகிறது. மாணவர் ஒருவர், மற்றொருவர் எழுதிய நிரலுக்கு அஞ்ச வேண்டிய நிலை அங்கே இல்லை. வைஃபை அழைப்பு மோட்டார் திரும்பி முடியும்வரை காத்திருக்காது, அவ்வளவுதான் காரணம். வேலைகள் நாம் குறித்த நேரத்தில் வராமல் தம் நேரத்தில் வருமானால், எதை நிறுத்தி எதை ஓட்டுவது என்று முடிவெடுக்க ஒன்று வேண்டும்.

இதற்கு நான் வகுப்பில் எப்போதும் காட்டும் சான்று அப்பல்லோ 11. நிலவில் இறங்கிய கலத்தின் கணினியில் மாற்றி எழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள்; நிரல்கள் பதிக்கப்பட்ட நிலை நினைவகம் 36,864 சொற்கள். இவ்வளவு சிறிய இடத்தில் ஹால் லேனிங் என்பவர் வடிவமைத்த ஒரு மேற்பார்வை நிரல் இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. உயர்ந்த எண்ணுள்ள வேலை எப்போது வந்தாலும் தாழ்ந்தது ஒதுங்கும். 1969 ஜூலை 20 அன்று இறங்கிக்கொண்டிருக்கையில் 1202 என்ற எச்சரிக்கை ஒலித்தது. இறங்குவதற்குத் தேவைப்படாத ஒரு ராடார், பயனற்ற துடிப்புகளை இடைவிடாமல் அனுப்பிக் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. வேலைகள் முடியாமல் குவிந்து, புதிய வேலைக்கு ஒதுக்க நினைவகத்தில் இடமில்லை என்பதே அந்த எண்ணின் பொருள். கணினி என்ன செய்தது? தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டு, கலத்தை வழிநடத்துவதையும் எஞ்சினைக் கட்டுப்படுத்துவதையும் விட்ட இடத்திலிருந்து எடுத்து ஓட்டியது. முன்னுரிமை குறைந்தவற்றைக் கைவிட்டது. எல்லா வேலைகளையும் வரிசையாகச் செய்யும் ஒற்றைச் சுழற்சியாக அந்த நிரலை எழுதியிருந்தால், வழிநடத்தலும் சேர்ந்தே பிந்தியிருக்கும்.

இயங்குதளம் இருந்துவிட்டால் கவலை இல்லை என்பதும் என் கருத்தல்ல. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் இயங்குதளத்தில் ஓடியது. சில நாள்களில் அடிக்கடி தானாக மறுதொடக்கம் செய்யத் தொடங்கியது. வானிலைத் தரவைச் சேர்க்கும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி, ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே வைத்திருக்கக்கூடிய ஒரு பொதுப் பூட்டைப் பிடித்திருந்தது. அது பூட்டை விடுவதற்குள் நடுத்தர முன்னுரிமைப் பணிகள் குறுக்கே புகுந்துவிட்டன. அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்த மிக உயர்ந்த பணி தன் நேரத்தைத் தவறவிட்டது. பூட்டை வைத்திருக்கும் பணிக்கு, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதி விஎக்ஸ்வொர்க்சில் ஏற்கெனவே இருந்தது. பூமியிலிருந்தபடியே அதை இயக்கிவிட்டார்கள். ஒற்றைச் சுழற்சியில் ஓடும் நிரலுக்கு இப்படி ஒரு நோய் வரவே வராது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

செந்தூல்வாசி

அம்மையாருக்கும் என் நன்றி. கடைசியாக ஒன்று. நான் முதலில் கேட்ட ‘உலாவி மட்டும் உள்ள கணினி’ என்பதற்கு மிக அருகில் வரக்கூடியது ஏதாவது உண்டா, அல்லது அந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டுமா?

பாயான் லெப்பாஸ்

உண்டு தம்பி, கூகுள் அதை 2011இல் குரோம்புக் என்ற பெயரில் கடைக்கே கொண்டுவந்தது. திறந்தால் உலாவி, மூடினால் ஒன்றுமில்லை என்பதுதான் அதன் அன்றைய கோலம். ஆனால் அந்த உலாவிக்கு அடியில் இருந்தது லினக்ஸ் கெர்னல். உலகிலேயே உலாவியை நன்கு அறிந்தவர்களும், மதர்போர்டைத் தாங்களே முடிவு செய்யும் வசதி உள்ளவர்களும், வைஃபையையும் நினைவகத்தையும் முறைவைப்பதையும் உலாவிக்குள் எழுத முற்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் சொந்தக் கணினிக்கு 2022இல் வெளியான குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அது குறிப்பிட்ட மாடல்களில் சோதித்துச் சான்று பெற்ற பட்டியலோடு வருவது. நீங்களே பூட்டிய கணினி அந்தப் பட்டியலில் இருக்காது. ஓடினால் ஓடும். உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றை விரலியில் ஏற்றி, எஸ்எஸ்டியில் எதையும் எழுதாமல் அந்த விரலியிலிருந்தே ஓட்டிப் பார்ப்பது நல்லது. தமிழ் எழுத்து சரியாகத் தெரிகிறதா, ஒலி வருகிறதா, கணினியை உறங்கவைத்து எழுப்பினால் திரை மீள்கிறதா என்று பாருங்கள். அவசியம் சோதிக்க வேண்டியது வைஃபை. புதிய மதர்போர்டுகளில் பெரும்பாலும் அதுதான் தகராறு செய்யும். அது தெரியவில்லையென்றால் சில்லின் பெயரை இங்கே எழுதுங்கள், எந்தக் கெர்னல் பதிப்பிலிருந்து அதற்கு டிரைவர் வருகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.